மருந்து கலந்த கோதுமை

என் அண்ணி அதிகம் பேசமாட்டாள். பேசினால் எதிராளிக்கு வாய் அடைத்துப்போகும். அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்பதால் அவள் குடித்தனம் முழுக்க எனக்கு அத்துப்படி. வீட்டில் எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுப்பாள். நிலத்து விஷயம் என்றால் மட்டும் பிடித்த பிடியை விடமாட்டாள்.

அந்த வருஷம் மழை விடுவதாகவே இல்லை. குளிர் தொடங்கி, கோதுமை விதைக்கிற பருவம் வந்தும் வயலில் கால் வைத்தால் கணுக்கால்வரை புதைந்தது. டிராக்டரை இறக்க வழியில்லை. எல்லா ஊரிலும் விதைப்பு தள்ளிப்போகவே, அடுத்த அறுவடை குறையும் என்று தானிய மண்டியில் மோப்பம் பிடித்துவிட்டார்கள். விலை ஏறிக்கொண்டே போனது. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாக, விதைக்கு வைத்திருந்த மூட்டையைக்கூட லாரியில் ஏற்றினார்கள்.

அண்ணனுக்கும் ஆசை வந்துவிட்டது. அவன் நல்லவன்தான். ஆனால் மண்டிக்குப் போய்வந்தால் நாலு நாளைக்கு வியாபாரி மாதிரியே பேசுவான்.

"நாளைக்கு வண்டி வருது. மூட்டைய வெளிய எடுத்து வச்சிடு."

"விதைய வித்துட்டு எதைப் போடுறதாம்?"

"வயல் காஞ்சதும் வாங்கிக்கலாம்."

"எல்லாரும் வித்துட்டா யார்கிட்டங்க வாங்குவீங்க?"

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, விலையைப் பேசி முடிக்க மண்டிக்குக் கிளம்பிவிட்டான்.

அன்று மதியமே அண்ணி கொட்டகையில் தார்ப்பாயை விரித்து, மூட்டைகளைக் கொட்டி, பூஞ்சைக்குப் போடுகிற சிவப்பு மருந்தைக் கலந்துவிட்டாள். விதைப்புக்கு முந்தின நாள் செய்கிற வேலை அது. கலந்தபிறகு மனுஷனும் தின்ன முடியாது, மாடும் தின்ன முடியாது. மண்ணில் போட மட்டும்தான் ஆகும். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, "அண்ணி, என்ன பண்றீங்க!" என்று கத்தினேன். மூக்கில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல், "இனிமே இதை யாரும் விக்க முடியாது" என்றாள்.

மறுநாள் வந்த மண்டிக்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்தார். "இது எலிக்கு வைக்கத்தான் ஆகும்" என்று சிரித்துவிட்டுக் காலி வண்டியோடு போய்விட்டார். அண்ணன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அடித்துவிடுவானோ என்று நான் ஓடினேன். அடிக்கவில்லை. அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். சாப்பாடு வேண்டுமென்றால்கூடப் பிள்ளையிடம்தான் சொல்லியனுப்புவான்.

அண்ணி தினமும் வயலுக்குப் போய் மண்ணைக் கையில் பிடித்துப் பார்ப்பாள். உதிர்ந்தால் விதைக்கலாம். உதிரவே இல்லை. கடைசியில் மேட்டுப்பக்கம் மட்டும் காய்ந்தது, அதில் விதைத்தார்கள். அதற்குள் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பருவம் போயிற்று. மருந்து கலந்த விதை அடுத்த வருஷம் வரை தாங்காது. எனக்கு அவள்மேல் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. எல்லாரும் வித்துட்டா யார்கிட்ட வாங்குவீங்க என்று அவள் கேட்ட கேள்வியில் என்ன தப்பு? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மிச்ச மூட்டைகளைப் புதைக்க வயலோரத்தில் அவள் குழி வெட்டினாள். நானும் கூடப் போயிருந்தேன். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "வித்திருந்தா காசாவது கையில நின்னிருக்கும்மா" என்றார்.

"ஆமாங்க. என் புத்தி கெட்டுப்போச்சு" என்றாள் அண்ணி. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

மூட்டை சுமந்துவந்த அண்ணன் அதை இறக்கிவைத்தான். "அவ புத்தி ஒண்ணும் கெட்டுப்போகல. மழை வந்துச்சு, அவ்வளவுதான்" என்று அவரிடம் சொன்னான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"இப்படிக் குடு மண்வெட்டிய. ஆழமா வெட்டணும், கோழி கிளறிடும்."

அத்தனை நாளும் அழாத அண்ணி, மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு அந்தக் குழியோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.