பார்க்காமல் விட்ட அரைவாசி

அமினா அக்கா நேற்று இறந்துவிட்டார். மூளையில் இரத்தக் கசிவு... இரண்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

அவருடைய எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. "சொல்லுங்கோ அக்கா" என்று எடுத்தேன். ஓர் ஆண்குரல் பிரெஞ்சில் செய்தியைச் சொன்னது.

இந்த வலைப்பதிவில் நான் சொந்தக் கதை எழுதுவதில்லை. வாசித்த புத்தகங்களைப் பற்றி எழுதிவிட்டுப் போய்விடுவேன். இன்று மட்டும்.

பாரிஸ் லா சப்பலில் சாமான் வாங்கியவர்கள் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். ரூ பெர்தொனே தெருவில், முன்பக்கம் முறுக்கும் கறித்தூளும், பின்பக்கம் மரவள்ளி மாவும் சவரிமுடியும் விற்ற கடை. காசு வாங்கும் மேசையில் ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்டிலிருந்து வந்த ஒரு பெண் இருந்து, "ஓம் அண்ணை, பை வேணுமே?" என்று கேட்பார். முதல்முறை கேட்பவர்கள் மிச்சக் காசை எடுக்க மறந்துவிடுவார்கள்.

முழுப்பெயர் அமினத்தா. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் சனிக்கிழமைகளில் நானும் அங்கே வேலை செய்தேன்.

மதியம் பின்னறையில் அரிசி மூட்டைகளின் மேல் இருந்துகொண்டு, இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகி, ஒரு தொலைக்காட்சி நாடகம் பார்ப்போம். நான்கு கறுப்பினத் தோழிகளின் கதை. இடைவேளை அரை மணித்தியாலம்தான். அதனால் சனிக்கு அரைவாசி எபிசோட். மிச்சத்தை வீட்டில் தனியாகப் பார்க்கக்கூடாது என்பது ஒப்பந்தம்.

நாயகி பல் மருத்துவர். பஸ் திருத்துகிற ஒருவனைக் காதலிக்கிறாள். அவன் தன் எதிர்பார்ப்புக்குச் சரிவரமாட்டான் என்று அவளே விலகுகிறாள். தோழிகளிடமோ, அவன் தன்னை விட்டுப் போய்விட்டதாகச் சொல்கிறாள். தோழிகள் சாப்பாடு கொண்டுவந்து, கூட இருந்து, அவனைத் திட்டுகிறார்கள்.

நான் அவளுக்காக வாதாடினேன். கறுப்பினப் பெண் என்றால் எல்லாவற்றையும் தாங்க வேண்டும், கிடைத்தவனோடு திருப்திப்பட வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது... இன்னும் என்னவோ. அந்த வருடம் நிறைய வாசித்திருந்தேன்.

அக்கா இயர்போனைக் கழற்றினார். "நீ வாசிச்ச கறுப்புப் பொம்பிளை நல்லவளாக்கும். எனக்கு அவளைத் தெரியாது. இவளைத் தெரியும். இவள் பொய் சொல்லுறாள்."

அடுத்த சனி நாடகத்தைப் போடவில்லை. தன் கதையைச் சொன்னார்.

கணவர் பாரிஸுக்கு வெளியே ஒபர்வில்லியேயில் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்தவர். அடித்ததில்லை, குடித்ததில்லை. வருவார், சாப்பிடுவார், படுப்பார். பாரிஸ் என்றால் வேறொரு வாழ்க்கை என்று நினைத்து வந்த அக்காவுக்கு அது போதவில்லை. ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். ஊரில் இருந்த தங்கச்சிக்கு மட்டும், "அவர் என்னைத் துரத்திவிட்டார்" என்று சொன்னார்.

தங்கச்சி கணவருடைய தாயின் வீட்டு வாசலில் போய் நின்று கத்தியிருக்கிறாள். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"அந்த மனுசன் வக்கன்ஸ் லீவுக்கு ஊருக்குப் போறதையே விட்டிட்டுது, பிள்ளை. எல்லாரும் எனக்காக அழுதவை. எனக்கு அது நல்லா இருந்தது. அதுதான் வெக்கம்."

அதைக் கேட்டபிறகு நானும் சொன்னேன். வேறு யாருக்கும் சொல்லாததை.

எனக்கு லண்டனில் ஒருவரைப் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்தி, நாங்கள் ஆறு மாதம் தொலைபேசியில் கதைத்திருந்தோம். நல்லவர். எனக்கு விருப்பம் வரவில்லை, சொல்லவும் துணிவில்லை. நான் பாரிஸுக்குப் பக்கத்தில் பொண்டியில் பிறந்தவள். பிறந்த நேரம் மருத்துவமனைக் கடுதாசியில் பிரெஞ்சில் இருந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "நேரம் பிழையாக் குடுத்திட்டம் அம்மா" என்று நாற்பது நிமிடம் கூட்டி வாசித்துக் காட்டினேன். புதிய சாதகம் பொருந்தவில்லை. கலியாணம் நின்றது. அந்த லண்டன்காரருக்கு அப்படிக் குழம்பியது அது இரண்டாவது முறை. அவருடைய கிரகம் சரியில்லை என்று சனம் கதைக்கத் தொடங்கியிருந்தது.

அக்கா மூட்டையில் சாய்ந்து விழுந்து சிரித்தார்.

"நான் ஒரு மனுசனிலைதான் பழியைப் போட்டனான். நீ வானத்திலை இருந்த எல்லாரையும் இழுத்துப் போட்டாய்."

கடைசி எபிசோடின் கடைசி அரைவாசிக்கு முன்பு இருவரும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

நான் அந்தப் பின்னறையிலிருந்தே லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா வாசலில் காவல். "எங்கை அவள்?" என்று கேட்ட முதலாளிக்கு, "அவளுக்கு வயித்துக்குத்து அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ" என்ற பதில் போனது. மறுமுனையில் அவர், "முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அன்று மாலை அம்மாவிடமும் சொன்னேன்.

அக்கா தன் கணவருக்கு எடுக்கவில்லை. "அடுத்த கிழமை" என்பார். அடுத்த கிழமையும் அதுவே. நாடகத்தைப் போடவா என்று கேட்டால், "நான் இன்னும் எடுக்கேல்லை. எனக்குப் பார்க்க உரிமை இல்லை" என்பார்.

படிப்பு முடிந்து நான் கடையை விட்டேன். எப்போதாவது கதைத்துக்கொள்வோம். அவர் எடுத்தாரா என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. என்ன சொல்வாரோ என்று பயம்...

நேற்று அந்த ஆண்குரலிடம், நீங்கள் யார் என்று கேட்டேன்.

"அவருடைய பழைய கணவர்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கிரகங்களைப் பொய் சொல்ல வைத்த பிள்ளை நீங்கள்தானே?" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா அவருக்கு எடுத்திருக்கிறார். அன்றே ஊருக்கும் எடுத்து, தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை உடலை ஊருக்குக் கொண்டுபோகிறார்களாம். கூடப் போவது அவர்தான். தங்கச்சி கேட்டுக்கொண்டாளாம். "நான் அங்கே போய்ப் பதினாறு வருடம்" என்றார்.

கடைசி அரைவாசியை நான் இன்னும் பார்க்கவில்லை, அக்கா.

போயிட்டு வாங்கோ.