பொலிஸ் டிவியில் கொழுந்து பறித்த நாள்

பழைய வீட்டுக் கணினிகளைத் துடைத்து, திருத்தி, இன்னமும் ஓடவைத்துப் பார்க்கிறவர்களின் இணையக் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். முதன்முதலில் கணினியைத் தொட்டது எந்த ஆண்டில் என்று அண்மையில் அங்கே ஒருவர் கேட்டிருந்தார். எண்பத்திரண்டு, எண்பத்து நான்கு என்று பதில்கள் வந்தன. நான் தொண்ணூற்றாறு என்று எழுதினேன். ஆண்டைத் தவறாகத் தட்டிவிட்டீர்களா என்று ஒரு பெரியவர் மரியாதையாக விசாரித்தார். தவறில்லை. ஆண்டு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. இலங்கை உலகக் கிண்ணம் வென்று சில வாரங்கள் ஆகியிருந்தன. நான் ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கழித்துப்போட்ட இயந்திரம் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு ஏறிவர அவ்வளவு காலம் பிடித்தது.

அதைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கொழும்பில் டிவி திருத்தும் கடையில் வேலை செய்தார். யாரோ வேண்டாமென்று விட்டுப்போனதை ஒட்டவைத்து, லீவில் வந்தபோது கையோடு எடுத்துவந்தார். பார்வைக்கு வெறும் தட்டச்சுப் பலகைதான். கணினி முழுவதும் அதற்குள்ளேயே அடக்கம். திரைக்கு டிவியை மாட்ட வேண்டும். நிரல்களைக் கசெட்டில் பதிந்துவைத்து, வேண்டும்போது ரெக்கோடரில் ஓட்டி ஏற்ற வேண்டும். தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அப்போது மின்சாரம் இல்லை. எங்கள் சின்னக் கறுப்பு வெள்ளை டிவி லொறி பெட்டரியில் ஓடியது. மாமா கணினியையும் அதிலேயே ஓடவைத்தார்.

எனக்காக அவர் ஒரு விளையாட்டு எழுதினார். மேலிருந்து தேயிலைக் கொழுந்து விழும். கூடையை இடமும் வலமும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். நடுநடுவே இரத்தம் குடிக்கும் அட்டை விழும். அதைப் பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, எத்தனை கிலோ என்று திரை சொல்லும். பதிவதற்கு வெற்றுக் கசெட் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்த பழைய அம்மன் பாட்டுக் கசெட்டில், பாட்டுக்கு மேலேயே பதிந்துவிட்டார். ஓடவிட்டால் முதலில் நாதஸ்வரம், அம்மனைக் கூப்பிட்டு இரண்டு வரி, பிறகு விளையாட்டின் நிரல், தகரத்தை ஆணியால் கீறுவதுபோல ஒரே கிரீச்.

ரெக்கோடரின் பெல்ட் அறுந்துபோனதால் ஒரு சனிக்கிழமை மாமா பதுளைக்குப் புறப்பட்டார். கடையிலேயே ஏற்றிச் சரிபார்க்கலாம் என்று கணினியையும் பையில் வைத்துக்கொண்டார். நானும் தொற்றிக்கொண்டேன். வேலை முடிந்து திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பில் பெரிய குண்டு வெடித்திருந்தது. எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த அண்ணன் ஒருவரை விசாரணைக்கென்று கொண்டுபோய் மாதக்கணக்காகியும் விடவில்லை. மாமாவோ கொழும்பில் வேலை செய்யும் தமிழ் வாலிபன். பையைத் திறந்தால் வயர்கள், பெயரில்லாத ஒரு கறுப்புப் பெட்டி, கிரீச்சிடும் கசெட். இதையெல்லாம் பின்னாளில் அடுக்கிப் பார்த்தவள் நான். அன்றைக்கு என் கவலை, பஸ் எங்களை விட்டுவிட்டுப் போகிறதே என்பதுதான்.

எங்களைக் கூட்டிக்கொண்டுபோன பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஒருவர் கசெட்டைப் போட்டுக் கேட்டார். அம்மன் பாட்டு வந்ததும் தலையை ஆட்டினார். கிரீச் வந்ததும் தலை நின்றது.

“மேலே சாமி பாட்டு, உள்ளே இது. யாருக்குப் போகிற செய்தி?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“செய்தி இல்லை சேர், விளையாட்டு. பிள்ளைக்கு.”

“இந்தச் சத்தத்தில் என்ன விளையாட்டு?”

“டிவியில போட்டாத் தெரியும் சேர்.”

அங்கே டிவி இருந்தது. பெரியது, கலர். இரண்டு பொலிஸ்காரர்கள் அதில் பழைய கிரிக்கெட் மெச் ஒன்றை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தச் சொன்னதும் அவர்கள் மாமாவைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை.

“காட்டு. விளையாட்டு வரவில்லையென்றால் பெட்டியும் நீயும் மேலிடத்துக்குப் போக வேண்டும்” என்றார் சார்ஜன்ட்.

மாமா வயரை மாட்டினார். இரண்டு தடவை கைதவறி விழுந்தது. டிவியின் குமிழைத் திருகித் திருகி அலைவரிசையைப் பிடித்தார். கசெட் ஓடத் தொடங்கியதும் திரையோரத்தில் கோடுகள் நெளிந்தன. என் வாய் பிளந்துவிட்டது. எங்கள் டிவியில் சாம்பலாகத் தெரிந்த கோடுகள் இங்கே நீலமும் மஞ்சளுமாக ஓடின. சார்ஜன்ட் சத்தத்தை நன்றாகக் கேட்பதற்காக ரெக்கோடரின் ஒலியைக் கூட்டினார். பாதி வழியில் கோடுகள் நின்றன. திரையில் ஏதோ ஆங்கிலத்தில் வந்தது.

மாமா கசெட்டைப் பின்னால் சுற்றத் தொடங்கினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஐயே, அவ்வளவு சத்தம் வச்சா ஏறாதுங்க! அந்தச் சிவப்புப் பொட்டு வரைக்குந்தான் வைக்கணும்!”

தமிழ் தெரிந்த இளம் பொலிஸ்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே அதைச் சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, மாமா புள்ளியிட்டிருந்த இடத்தில் ஒலியை வைத்தார்.

மறுபடியும் நாதஸ்வரம், மறுபடியும் அம்மன், மறுபடியும் கிரீச். மாமா திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தானே எழுதியதைப் பார்க்க அவருக்கு வெட்கம் போலும் என்று நினைத்தேன்.

கூடை வந்தது. கொழுந்து விழுந்தது.

“ஆ!” என்றார்கள் மெச் பார்த்தவர்கள். சார்ஜன்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று கொழுந்து பிடித்தார், அட்டையையும் பிடித்தார். மூன்று கிலோ என்றது திரை. தோட்டத்தில் நிறை குறைந்தால் அரை நாள் சம்பளம்தான் எழுதுவார்கள். அதை அரைப் பேர் என்று சொல்வார்கள்.

“மூணு கிலோவுக்கு அரைப் பேருகூடப் போட மாட்டாங்க” என்றேன்.

இளம் பொலிஸ்காரர் இதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, மொழிபெயர்த்தார். சார்ஜன்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். “இந்தக் கங்காணியிடம் என்னால் வேலை செய்ய முடியாது” என்று எழுந்து அடுத்தவருக்கு இடம் விட்டார். எல்லோரும் ஆடினார்கள். ஒருவர் அட்டை விழுந்தபோது காலையே தூக்கிக்கொண்டார். எனக்குத் தேநீரும் சாப்பிடப் பணிஸும் வந்தன. கடைசியில் வாங்கி வைத்திருந்த மாமாவின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து, கடைசி பஸ்ஸை அவர்களே கை காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார்கள்.

பஸ்ஸில் மாமா முன் இருக்கைக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். வளைவுகளில் தலைசுற்றுகிறதாக்கும் என்று ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தேன். அவர் முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நீளமாக மூச்சுவிட்டார். “பாப்பா, ஒனக்கு என்ன வேணுமோ கேளு, வாங்கித் தாரேன்” என்றார். ஏன் திடீரென்று இவ்வளவு தாராளம் என்று விளங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றார். மாமா வாயைத் திறக்கும் முன் நான் முழுக்கதையையும் கொட்டினேன். பொலிஸ் டிவி எவ்வளவு பெரிசு, எவ்வளவு கலர், நம்ம டிவி ஒன்றுக்கும் உதவாது. “அடுத்த சனிக்கெழமையும் பொலிஸுக்குப் போவமா மாமா?”

அம்மா பளாரென்று அறைந்தார். அதற்கு முன் என்னை அடித்ததே இல்லை.

“விடுக்கா, வந்துட்டோம்ல” என்றார் மாமா.

அடித்த கையாலேயே அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். எனக்குக் காரணம் உடனே பிடிபட்டது. அப்பா பாடுபட்டு வாங்கிய டிவியைக் குறைத்துப் பேசிவிட்டேன். “நம்ம டிவிதாம்மா நல்ல டிவி” என்று விசும்பினேன். அம்மா மூச்சு முட்டும்படி இன்னும் இறுக்கினார். மாமா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.