படிக்காமல் அடுக்கிய சீட்டு

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்கும் பிணவறைக்கும் நடுவில், நோயாளிகளின் கோப்புகளை வைக்கும் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது, நான்கு டியூப்லைட் மட்டும். பத்தொன்பது வருடமாக அங்கே வேலை பார்த்தவளை மாடியில் எல்லோரும் ‘கம்ப்யூட்டரக்கா’ என்றே கூப்பிட்டார்கள். வார்டிலிருந்து போனில் எண்ணைச் சொன்னால் போதும், அவள் கால் தானாகச் சரியான அலமாரியில் போய் நிற்கும்.

அவளுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று படிக்க மாட்டாள். அவளுக்கு முன்னால் அங்கே இருந்தவர், யாருடைய நோயையோ பஸ்ஸில் உளறி வேலையை இழந்தவர். அதனால் அவள் எண்ணை மட்டும் பார்ப்பாள், சீட்டைச் செருகுவாள், அடுக்குவாள்.

விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புவாள். மதியச் சாப்பாடும் கீழேயே. கணவன் பஸ் டிரைவர், ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் கறுத்துப்போன மனுஷன். அந்தக் கையை அவள் கையோடு ஒட்டி வைத்து, “கோணிக்குள்ள முளைச்ச உருளைக்கிழங்கு மாதிரி வெளுத்திருக்க போ” என்பான். அவளும் சிரிப்பாள்.

கடந்த ஒன்றரை வருடமாக அந்தச் சிரிப்பு இல்லை. முதலில் இடுப்பும் தொடையும் வலித்தன, படி ஏறக் கைப்பிடி வேண்டியிருந்தது. பிறகு காரணமே இல்லாமல் அழுகை வந்தது. கடைசியில் எண்கள் போயின. போனில் கேட்ட எண், மூன்றாவது வரிசைக்குப் போவதற்குள் மறந்துவிடும். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கையை மூடியே வைத்திருந்தாள்.

“வயசாகுதுடி. எனக்கும்தான் ஸ்டாப்பு மறக்குது” என்றான் கணவன்.

“நீங்க மறந்தா ஜனங்க கத்துவாங்க. எனக்குக் கத்த யாரு இருக்கா? காகிதந்தான்.”

ஒருநாள், அறுவை சிகிச்சைக்குப் படுக்கவைத்திருந்த ஒருவரின் கோப்பு கிடைக்கவில்லை. எந்த மருந்து அவருக்கு ஆகாது என்பது அதில்தான் இருந்தது. சிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள். கண்காணிப்பாளர் கீழே இறங்கி வந்தார்.

“என்னம்மா கம்ப்யூட்டர், கரண்டு போயிடுச்சா?” அவர் முகத்தில் சிரிப்பில்லை. “நாளன்னைக்குள்ள அது கிடைக்கணும். இல்லன்னா இந்த ரூமுக்கு வேற ஆள்தான் போடணும். அந்த மனுஷன் உயிரு சம்பந்தப்பட்ட விஷயம்.”

இரண்டு நாள் வரிசை வரிசையாகக் கலைத்தாள். கோப்பு கடைசியில், ஆஸ்பத்திரி ஊழியர்களின் கோப்புகள் இருந்த தட்டில் கிடைத்தது. அங்கே வைத்தது அவள்தான் என்பதில் சந்தேகமில்லை, வேறு யாரும் உள்ளே வருவதில்லை. ஆனால் வைத்த ஞாபகம் துளிக்கூட இல்லை. அதற்குப் பக்கத்தில் அவளுடைய கோப்பு இருந்தது.

தனக்கு என்ன ஆகிறது என்ற பயத்தில், பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு கோப்பைத் திறந்து படித்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஊழியர்கள் எல்லோருக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனையின் சீட்டு. ‘வைட்டமின் டி மிகமிகக் குறைவு. உடனே மருத்துவரைப் பார்க்கவும்’ என்று சிவப்பு முத்திரை. ஊழியர்களின் சீட்டுகள் டாக்டர் பார்க்காமலே லேபிலிருந்து ஒரே கட்டாகக் கீழே வரும். எண்ணைப் பார்த்து இதைச் செருகியதும் அவளேதான்.

சீட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். டாக்டரம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ரெண்டு வருஷமா இதை யாருமே பாக்கலையா?”

“நாந்தான் டாக்டர் வாங்கி வெச்சேன். படிக்கக் கூடாதுன்னு...”

டாக்டரம்மா சீட்டை மேஜையில் வைத்தார். “இது எலும்புக்கு மட்டுமில்லம்மா. இவ்வளவு குறைஞ்சவங்ககிட்ட மனச்சோர்வு, மறதி எல்லாம் அதிகமா பாக்குறோம். ஆனா உங்க மறதிக்கு இது மட்டுந்தான் காரணமான்னு இப்பச் சொல்ல முடியாது. வேற டெஸ்டும் எடுக்கணும்.”

“மாத்திரை சாப்பிட்டா நம்பரெல்லாம் திரும்ப வந்துடுமா?”

“வலி குறையும். மறதிக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

கோப்பு கிடைத்ததால் கண்காணிப்பாளர் ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுப்பதாகச் சொன்னார். இப்போது தினமும் மதியம் அவள் பின்வாசலுக்கு வந்து, சேலைத் தலைப்பை ஒதுக்கி, வெளுத்த கைகளை வெயிலில் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கண்ணை மூடி, எந்த வரிசையில் எந்த எண் தொடங்குகிறது என்று முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறாள். மூன்று வரிசை வரை தடங்கல் இல்லை. நான்காவதில் நிற்கிறது. நேற்றும் அங்கேதான் நின்றது. மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள். மறுபடி முதல் வரிசையிலிருந்து தொடங்குகிறாள்.