ஏரிப் படத்தில் ஆள் வேண்டாம்

என் மனைவியின் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டியிருந்தது. அதற்கு அவள் முகம் தேவைப்பட்டது. ஓர் ஓவிய ஆசிரியன் வீட்டில், அதுவும் ஒரு புகைப்படக்காரனை ஆண்டுக்கணக்கில் நண்பனாக வைத்திருந்தவன் வீட்டில், அது கிடைக்கவில்லை. இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

1993இல் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தேன். கணக்கு வாத்தியார் கேட்டால் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுக்க வேண்டிய பாடவேளை என்னுடையது. வாரம் முழுக்க ஆப்பிளும் பூந்தொட்டியும் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் ஒலக்கூர் பக்கத்து ஏரி ஒன்றுக்குப் போய்விடுவேன். அங்கே போனால்தான் எனக்கு மூச்சு சீராகும்.

ஒரே ஏரியை ஏன் அத்தனை முறை வரைகிறாய் என்று கேட்காதவர் இல்லை. அது ஒரே ஏரி இல்லை என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஐப்பசியில் புதுத்தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். கார்த்திகையில் மண் அடியில் படிந்து, தண்ணீருக்குள் வானம் இறங்கிவிடும். சித்திரையில் தரை பாளம் பாளமாக வெடித்து, அந்த வெடிப்பின் நிழலில் ஓர் ஊதா நிறம் தெரியும். அந்த ஊதாவைக் கலக்க எனக்கு மூன்று கோடைகள் ஆயின. கரையில் பதினேழு பனைகள். எது எந்தப் பக்கம் சாய்ந்தது, எதில் மட்டை காய்ந்து தொங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அடுத்த ஆண்டு கல்யாணம். அவள் கிராம சுகாதார செவிலியர். வாரம் முழுக்கத் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு பஸ் மாறி ஊர் ஊராகப் போகிறவள். எங்களுக்கு வாய்த்த ஒரே நாள் ஞாயிறு. அந்த நாளும் ஏரிக்குப் போய்விடும் என்று தெரிந்ததும், அவளும் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மதகுக் கல்லில் உட்கார்ந்து தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருப்பாள். நான் தாளைப் பலகையில் ஒட்டியதும் முதலில் சொல்வது ஒன்றுதான்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு. மதகு மறையுது."

"நான் இருந்தா ஏரி ஓடிப்பூடுமா?"

"ஆளு இருந்தா கண்ணு ஆளு மேலதான் போவும். அப்புறம் ஏரிய யாரு பாக்கறது?"

அவள் தள்ளி உட்கார்வாள். சிரிப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் பக்கம் நான் பார்த்ததில்லை. ஏரிப் படத்தில் ஆள் வேண்டாம் என்பது என் கொள்கை. அதை வகுப்பிலும் சொல்லிக்கொடுத்தேன், வெட்கமில்லாமல்.

நண்பன் விழுப்புரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தான். எங்கள் பள்ளிக்கு குரூப் போட்டோ எடுக்க வந்த இடத்தில் பழக்கம். ஃபிலிம் காலத்தில் ஒரு படம் எடுக்கப் பத்து முறை யோசிப்பான். டிஜிட்டல் கேமரா வாங்கிய பிறகு அவன் விரல் சும்மா இருந்ததே இல்லை. ஞாயிறானால் அவனும் ஏரிக்கு வந்துவிடுவான்.

"நீ பாக்கறதே இல்லப்பா. கேமராதான் பாக்குது, நீ அமுக்கற" என்பேன்.

"நீங்க மட்டும் என்னா சார்? ஒரு மணி நேரம் பாத்துக்கினு இருந்துட்டு இல்லாத கலரப் போடறீங்க. நான் இருக்கறத எடுக்கறேன்."

சண்டை போட்டுக்கொண்டே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றோம். மேக நிழல் ஏரியைக் கடந்து முடியும்வரை காத்திருக்க அவன் என்னிடம் கற்றான். தட்டான் இறக்கையில் வீடு வீடாகக் கட்டம் இருப்பதை அவன் கேமராத் திரையில்தான் நான் முதன்முதலில் பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்தும் அதையே பேசிக்கொண்டிருந்தேன்.

மகள் ஐந்தாவதோ ஆறாவதோ படித்த ஆண்டு, நல்ல மழை. ஏரி நிறைந்து நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக வந்து இறங்கியிருந்தன. நண்பன் கரையில் மண்டியிட்டு எடுத்துக்கொண்டே இருந்தான். திடீரென்று கேமராவைத் திருப்பிப் பார்த்தான்.

"கார்டு ஃபுல்லு சார். எத அழிக்கலாம், ஜல்தியா சொல்லுங்க. கெளம்பப் போவுதுங்க."

குனிந்து பார்த்தேன். எல்லாம் நாரை. கடைசியாக எடுத்த ஒன்றில் மட்டும் என் மனைவி. முழங்கால்வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் நின்று, நிமிர்ந்து எதற்கோ சிரிக்கிறாள்.

"சிஸ்டர் நல்லா வந்துக்கிறாங்க சார்" என்றான். செவிலியர் என்பதால் அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

"இது எதுக்கு? இத அழி."

அவன் தயங்கினான். பத்தடி தள்ளி நின்றிருந்த அவளுக்கும் அது கேட்டிருக்கிறது. "அழிச்சிடுங்கண்ணா. என் மூஞ்சி எங்க போவப் போவுது? இங்கதான இருக்குது" என்றாள்.

அழித்தான். நாரைகள் எழும்பின. அவை எழும்பும் படம் பிரமாதமாக வந்தது. பெரிதாகப் போட்டு ஸ்டுடியோவில் மாட்டினான். நானும் அதைப் பார்த்து ஒரு வாட்டர் கலர் போட்டு வீட்டில் மாட்டினேன்.

அடுத்த ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை, ஊசி போடப் போன ஊரில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. விழுப்புரம் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அட்டைக்குப் படம் தேடினேன். கல்யாண ஆல்பத்தில் இருந்தது பவுடர் பூசிய வேறு யாரோ ஒரு பெண். மகள் சர்ச்சில் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று எடுத்ததில், மகளின் முக்காட்டைச் சரிசெய்யக் குனிந்திருக்கிறாள், வகிடுதான் தெரிகிறது. அலுவலக அடையாள அட்டையில் ஒன்று இருந்தது. அதில் கன்னத்தின் மேல் ஊதா மையில் முத்திரை குத்தியிருந்தார்கள்.

நண்பனுக்கு போன் செய்தேன். பழைய படங்களில் எங்காவது இருக்கிறாளா பார் என்றேன். இரண்டு நாள் தேடியிருக்கிறான்.

"இல்ல சார். ஏரியில எடுத்தது ஒண்ணுதான். அத அன்னிக்கு நீங்கதான..." என்று தொடங்கி நிறுத்தினான். போனை வைத்துவிட்டேன்.

சரி, நானே வரைகிறேன் என்று உட்கார்ந்தேன். நெற்றி போட்டேன், மூக்கு போட்டேன், கண் போட்டேன். ஒரு பெண் வந்தாள். காலண்டரில் வருகிற மாதிரி ஒரு பெண். கிழித்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடி அந்தக் காலண்டர் பெண்ணேதான் வந்தாள். பதினேழு பனையும் கைக்குள் இருக்கிறது. பதினாலு வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவளின் முகம் கைக்கு வரவில்லை. அப்போது எனக்கு வந்தது துக்கம்கூட இல்லை, பயம்.

கடைசியில் அடையாள அட்டைப் படத்தையே நண்பன் வாங்கிக்கொண்டு போனான். கம்ப்யூட்டரில் போட்டு முத்திரை மையைப் புள்ளி புள்ளியாக எடுத்து, கன்னத்தைச் சுத்தம் செய்து, திண்டிவனத்துக்கே கொண்டுவந்து காட்டினான். நான் பார்த்தேன். படம் பார்க்கிற தொழில்காரன் பார்க்கிற மாதிரி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, கழுத்து நிழல் சரியா என்றெல்லாம் பார்த்தேன். நன்றாக இருக்கிறது, அச்சுக்குக் கொடு என்றேன். இருநூறு அட்டை அடித்து வந்தது.

பூசைக்கு முந்தின நாள் மத்தியானம் மகள் கட்டைப் பிரித்து ஓர் அட்டையை எடுத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா, மரு எங்க?"

முத்திரை மையோடு மருவையும் நண்பன் துடைத்துவிட்டிருந்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்கு அது மைப்புள்ளி. நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஆமாம், அவளுக்கு ஒரு மரு உண்டு. உண்டு என்பது மட்டும் தெரிந்தது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டேன்.

மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னை முதல்முறையாகப் பார்ப்பவள்போல் பார்த்தாள். பிறகு தன் இடக்கன்னத்தில், உதட்டோரத்துக்குச் சற்று மேலே, விரலை வைத்துக் காட்டினாள்.

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. வழவழப்பான அட்டையில் வாட்டர் கலர் நிற்காது என்பதால் அழியாத கறுப்பு மையை எடுத்து, அதில் கொஞ்சம் பழுப்பு கலந்து, என்னிடம் இருந்த ஆகச் சிறிய தூரிகையோடு மேசையில் உட்கார்ந்தேன். மகள் பக்கத்தில் நின்றாள். முதல் அட்டையில் தூரிகையைக் கொண்டுபோனேன். முனை படுவதற்குள் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு நெல் அகலம் கீழே நகர்த்தினாள். அங்கே வைத்தேன். அட்டையில் இருந்த முகம் என் மனைவியாகிவிட்டது.

அடுத்த அட்டையில் எனக்கே இடம் தெரியும் என்றேன். மகள் கையை விடவில்லை. இருநூறு அட்டைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள்.