தையல் மிஷினுக்கு வந்த பணம்

பதினாறு வருஷம் விடியற்காலை ரயிலைப் பிடித்து, பெங்களூரு கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்தவள் யசோதரா. இடுப்பு வலி தாங்காமல் வேலையை விட்டபின், மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்களுக்காக ஒரு தையல் சங்கம் தொடங்கினாள். பெங்களூரு அறக்கட்டளை ஒன்று கைகொடுத்தது. நல்ல மனசுக்காரர்கள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் பணம் இன்னதற்கென்று பத்திரத்தில் எழுதிவிட்டால், அதிலிருந்து இம்மியும் நகரக்கூடாது அவர்களுக்கு.

கொரோனா வந்த முதல் வருஷம், ரயில் நின்று கூலியும் நின்றபோது, துணி வாங்க வைத்திருந்த பணத்தில் அவள் அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டாள். அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பசித்த வயிற்றுக்குச் சோறு போட்டவள் திருடியைப் போல மூன்று பக்கம் பதில் எழுதினாள். அந்த அவமானம் அவளுக்கு ஆறவே இல்லை. அதனால் மறு வருஷம் மே மாதம் இரண்டாம் அலை ஊருக்குள் நுழைந்தபோது, தையல் மிஷினுக்கு வந்த பணம் பேங்கில் அப்படியே கிடக்க, அவள் ஒழுங்காக அனுமதி கேட்டு மெயில் அனுப்பினாள்.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. விரலில் மாட்டினால் உடம்பில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறதென்று காட்டும் கருவிகள் இருபது, ஆஸ்பத்திரிக்கு ஓட ஒரு வாடகை வண்டி, அவ்வளவுதான். அந்தக் கருவி மற்ற ஊரைவிட இந்த ஊருக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. வேறு ஊரில் மூச்சு வாங்கினால் பயந்துபோய் டாக்டரிடம் ஓடுவார்கள். இங்கே சுரங்க ஷாப்ட்டில் இறங்கிப் பாறை குடைந்த ஆண்களுக்கு நெஞ்சு நிறையத் தூசி. முப்பது வருஷமாக இளைத்து இளைத்தே பழகியவர்களுக்குப் புது இளைப்பு வந்தது தெரியவில்லை.

ஸ்கெலட்டன் என்ற லைனில் குடியிருந்த சிவலிங்கமும் அப்படித்தான். சுரங்கம் மூடும்வரை டிரில் பிடித்தவர். தெருக்குழாயடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து யசோதரா பயந்து விசாரித்தாள். அவர் சிரித்தார்.

"இன்னாத்துக்கு யசோ பயப்படுற? இது பழைய தூசி. அதோட சேட்டை எனக்குத் தெரியாதா?"

கைக்காசில் அவளால் வாங்க முடிந்தது ஒரே ஒரு கருவி. அதை வைத்துக்கொண்டு, படுத்த படுக்கையாகிவிட்டவர்கள் வீடுகளுக்கு முதலில் ஓடினாள். நடமாடுகிறவர்களின் முறை தள்ளிக்கொண்டே போனது. கமிட்டி கூட வேண்டும், கையெழுத்தாக வேண்டும் என்று பெங்களூரிலிருந்து பதில் வந்தபடி இருந்தது. மெயில் அனுப்பிய ஒன்பதாம் நாள் சிவலிங்கத்தின் விரலில் கருவியை மாட்டினபோது, தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது எழுபத்தொன்று காட்டியது. ஆட்டோக்காரர்கள் வர மறுத்தார்கள். சொல்லிவைத்த வண்டி வந்து சேர்ந்தபோது, அவர் மனைவி நாகம்மாவின் மடியில் உயிர் போயிருந்தது.

அன்று சாயங்காலமே அறக்கட்டளையிலிருந்து வாணி கூப்பிட்டாள். அனுமதி வந்துவிட்டதாம். யசோதரா சிவலிங்கத்தைப் பற்றிச் சொன்னாள். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று வாணி மெல்லக் கேட்டாள்.

"நாங்க கேக்குறதுக்கு முன்னாடியே, எதுக்கு வேணாலும் செலவு பண்ணுங்கன்னு சொல்லியிருக்கணும்மா. இங்க நிக்கிறவ நான். எது வேணும்னு எனக்குத் தெரியும்னு நம்பியிருக்கணும்."

வாணி சின்ன வேலையில் இருந்தவள்தான், ஆனாலும் மேலே போய்ச் சண்டை போட்டாள். அந்த வாரமே இன்னும் கொஞ்சம் பணம் வந்தது, எதற்கென்று எழுதாமல். வீடு வீடாக அலையும் பெண்களுக்குச் சம்பளம் கொடுங்கள், போட்டோ வேண்டாம், அறிக்கை வேண்டாம், வாரம் ஒருமுறை போனில் சொன்னால் போதும் என்றாள்.

காரியம் முடிந்த கையோடு நாகம்மாவும் வேலைக்கு வந்தாள். தூசிதான் என்று வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்களிடம், எங்க ஊட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரு, வெரல நீட்டுங்க என்பாள். அவள் வெறும் நெற்றியைப் பார்த்தபின் யாரும் மறுத்ததில்லை. பதின்மூன்று பேர் ஆஸ்பத்திரி போனார்கள், பதினொரு பேர் நடந்து வீடு திரும்பினார்கள். பணம் பேங்கில் கிடந்த அந்த ஒன்பது நாளை மட்டும் யசோதரா அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். அவள் பக்கத்தில் நடக்கும்போதெல்லாம் அது நெஞ்சை அறுத்தது.

மறு வருஷம் புதுப் பத்திரம் வந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் எந்தப் பணத்தையும் எதற்கும் கேளாமலே செலவிடலாம் என்று ஒரு வரி அதில் புதிதாக இருந்தது. சங்கத்தின் சார்பில் இரண்டாவது கையெழுத்து நாகம்மாவுடையது. இது எதுக்கு இந்த வருஷம் மட்டும் என்று அவள் கேட்டாள்.

யசோதரா மழுப்பியிருக்கலாம். ஆனால் சொன்னாள், எல்லாவற்றையும். மெயில் அனுப்பியதை, காத்திருந்ததை, பழைய அவமானத்துக்குப் பயந்ததை.

"ஒம்போது நாளு," என்றாள் நாகம்மா.

"ஆமாக்கா."

நாகம்மா அந்த வரியின் மேல் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதில் யார் பேரும் இல்லை. பிறகு பேனாவை எடுத்து எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். பத்திரத்தைத் தள்ளிவிட்டு, யசோதராவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"இனிமே யாரையும் கேட்டுக்கினு நிக்காத, யசோ."