படக்கதையில் வந்த நல்ல மாமா

போன வருஷம் தசரா கழிந்த வாரம். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்திலுள்ள ஒரு கடைக்கு ஸ்கூல் பை கொடுக்கப் போயிருந்தேன். நான் போக வேண்டிய அவசியமே இல்லை. தாராவியில் இருபது தையல் மிஷின் ஓடுகிற கார்கானா எனக்கு இருக்கிறது. ஆள் அனுப்பினால் போதும். ஆனாலும் முதலாளியை நேரில் பார்த்தால்தான் கடைக்காரனுக்கு மரியாதை வரும் என்பது என் எண்ணம். நாலாம் வகுப்போடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, பை தைக்கிற இடத்தில் பிசிர் நூல் வெட்டிக்கொண்டிருந்தவன் நான். இன்று செம்பூரிலிருந்து டிராம்பே வரை எந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றாலும் நான் தைத்த பை ஒன்றாவது கண்ணில் படும். உள்ளதைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கடையில் புத்தகமும் விற்பார்கள். கல்லாவிலிருந்த பெண் என்னையும் ஒரு புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "அங்கிள், இது நீங்கதானே?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

முழுக்கப் படமாகவே கதை சொல்கிற இங்கிலீஷ் புத்தகம். அதில் நான்! கழுத்தில் தொங்கும் டேப், காதில் சொருகிய பென்சில், இடது புருவத்துத் தழும்பு, எல்லாம் அப்படியே. கார்கானா வாசலில் நின்று ஒரு பெண்பிள்ளைக்குக் கூல்ட்ரிங்க் நீட்டுகிறேன். அட்டையில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண்கள். ஒருத்தி என் கடைசி மகள். இன்னொருத்தி அவள் சிநேகிதி. ஒரே சந்தில் வளர்ந்து, மாட்டுங்காவில் ஒரே பெஞ்சில் பன்னிரண்டாவது வரை படித்தவர்கள். அப்புறம் அந்தப் பெண் ஓவியக் கல்லூரிக்குப் போனாள், குடும்பம் செம்பூருக்கு மாறிவிட்டது. அவள்தான் தங்கள் கதையை வரைந்து அச்சுப் போட்டிருக்கிறாள்.

கூல்ட்ரிங்க் கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. மற்றது வரவில்லை.

இருந்த ஆறு பிரதியையும் வாங்கினேன். டீக்கடைக்காரருக்கு ஒன்று, மிஷின் மெக்கானிக்குக்கு ஒன்று என்று வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தேன். "என்னவே, புஸ்தகத்துலயே வந்துட்டேரு! அடுத்து சினிமாவா?" என்றார் மெக்கானிக். "கூப்பிட்டா போவம்வே, மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?" என்றேன்.

கார்கானாவின் மேல் அறையில்தான் என் மகளுக்கு வேலை. எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும், இங்கிலீஷ் வராது. மெயில், ஆபீஸ் பேப்பர், பெரிய கம்பெனிக்காரர்களின் போன், எல்லாம் அவள்தான். புத்தகத்தை அவள் முன்னால் வைத்து, "வாசிச்சுத் தமிழ்ல சொல்லுட்டி" என்றேன்.

அட்டையைப் பார்த்ததுமே, "வேண்டாம்ப்பா" என்றாள். இரண்டு பேருக்கும் ஐந்து வருஷமாகப் பேச்சில்லை. பெரிய காலேஜுக்குப் போனதும் என்னை மறந்துட்டா என்று என் மகள் தன் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். நான் விடவில்லை. "உங்கப்பன் என்ன பேசுதான்னு மட்டும் சொல்லு" என்றேன்.

வாசித்தாள். "'அவ இங்க இல்லையே மக்ளே. வந்ததும் சொல்லுதேன். வெயில்ல வந்திருக்கே, இதைக் குடி.' நீங்கதாம்ப்பா பேசுதீய." அடுத்த பக்கம் மழை, அதே வாசல், அதே பேச்சு. மூன்றாவது தடவை அந்தப் பெண் ஒரு கடிதத்தோடு வருகிறாள். அதை நான் வாங்கிச் சட்டைப்பையில் வைக்கிறேன்.

மகள் அந்த மூன்று பக்கத்தையும் மறுபடி புரட்டினாள்.

"அப்பா, அவ வந்தாளா?"

நான் புத்தகத்தை எடுக்கக் கை நீட்டினேன்.

"நான் மேலதானே இருந்தேன். மூணு தடவையுமா?"

"ஆமா" என்றேன்.

அந்தப் பெண் கல்லூரிக்குப் போன வருஷம்தான் ஆர்டரெல்லாம் மெயிலில் வர ஆரம்பித்திருந்தது. மகளுக்கும் அந்தக் கல்லூரிமேல் ஆசை; சிநேகிதி கூப்பிட்டால் கிளம்பிவிடுவாள். போய்விட்டால் எனக்கு யார் வாசித்துச் சொல்வது? அவளுடைய பழைய போன் நம்பரை நிறுத்தி, கார்கானா நம்பரைக் கொடுத்தவனும் நான்தான். கடிதத்தை என்ன செய்தேன் என்று கேட்டாள். கிழித்துப் போட்டதைச் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. மிச்சப் பக்கங்களையும் ஒரு வரி விடாமல் எனக்குத் தமிழில் சொன்னாள். கடைசிப் படத்தில், சிநேகிதி கீழே நிற்பதை மாடி ஜன்னல் வழியாகப் பார்த்த என் மகள், திரையை இழுத்து மூடிக்கொள்கிறாள். "நான் இப்படிச் செய்யலையேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனேன். மூன்று மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கதவைத் திறந்ததும், "வாங்க மாமா! புஸ்தகம் பாத்தீயளா? அந்தக் கதையிலயே நல்லவுக நீங்க ஒருத்தர்தான்" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள் புத்தகத்தை எடுத்து அந்த ஜன்னல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்போ, வேணும்னே ஒதுங்கிட்டான்னு நெனச்சு அவளை நான் தப்பா வரைஞ்சுட்டேனே மாமா. எத்தனை பேர் வாசிச்சிருப்பாங்க" என்றாள். செய்தவன் நான் எதிரில் உட்கார்ந்திருக்க, அவள் தன்னை நொந்துகொண்டாள்.

மறுவாரம் மகள் செம்பூருக்குப் போனாள். சாயங்காலம் வரை பேசுவார்கள் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"வேலையைப் பத்திப் பேசினோம். வேற என்ன பேசன்னு ரெண்டு பேருக்கும் தெரியலைப்பா."

இப்போதாவது அந்தக் கல்லூரியில் சேர்ந்துகொள், எவ்வளவு ஆனாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பென்சிலைத் தொட்டே ஐந்து வருஷமாச்சு என்று சொல்லிவிட்டு, அன்றைய மெயில்களை வாசிக்க ஆரம்பித்தாள். முன்பெல்லாம் நடுவில் கம்பெனிக்காரர்களைக் கேலி செய்து சிரிக்க வைப்பாள். இப்போது உள்ளதை மட்டும் வாசிக்கிறாள்.

மூன்று தடவை 'இல்லை' என்று சொல்ல எனக்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. நான் உழைத்துச் சேர்த்த எதைக் கொடுத்தும் அதில் போனதை மீட்க முடியாது என்று புரிந்த பிறகு, யாரிடமாவது என் பெருமையைச் சொல்லத் தொடங்கினால், பாதியிலேயே சலித்து வாயை மூடிக்கொள்கிறேன்.