பின்பலகை நகர்ந்த கதை

ஆழக்காரருக்குத் துறைமுகத்தில் எதெல்லாம் பிடிக்காது என்று சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் அளப்பதும், வருகிற படகுக்கு முன்னால் வழிப்படகை ஓட்டிப் போவதும் இருபத்தேழு வருடமாக அவர் வேலை. மீன்படகுக்காரர்கள் குடலை அப்படியே தண்ணீரில் தள்ளுவார்கள். உல்லாசப் படகுகளோ வெள்ளைவெளேரென்று வந்து நின்று, கக்கூஸ் தொட்டியைக் கரையோரமே திறந்துவிடும். எல்லாம் சேர்ந்து அவர் கயிற்றில் ஏறி வரும். "துறைமுகத்த வாசல்லயே கழட்டி வச்சிட்டு வாங்க" என்பாள் மனைவி. கழுவிக் கழுவித் தோல்தான் தேய்ந்தது.

அந்த நாற்றமாவது சோப்புக்குப் போகும். துறைமுக அதிகாரி செய்த காரியம் எந்தச் சோப்புக்கும் போகாது.

முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் பாறை. கரையில் இரண்டு வெள்ளைப் பலகைகள் உண்டு. தாழ்ந்தது முன்னே, உயர்ந்தது பின்னே மேட்டில். கடலிலிருந்து வருகிறவனுக்கு இரண்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தெரிந்தால் வழி சரி. விலகித் தெரிந்தால் பாறைதான். அந்த மேட்டில் உல்லாசப் படகுக்காரர்களின் கிளப் வந்தது. சாப்பிடுகிறவர்களுக்குப் பலகை கடலை மறைக்கிறதாம். பின்பலகையைப் பிடுங்கிப் பதினாறு தப்படி தள்ளி நடச் செய்துவிட்டார் அதிகாரி.

ஆழக்காரர் போய் எடுத்துச் சொன்னார்.

"பலகைய எடுத்தா போட்டுட்டோம்? நகர்த்தித்தானே வச்சிருக்கு. இப்ப யாருய்யா பலகை பாத்து வர்றா? எல்லார்கிட்டயும் மெஷின் இருக்கு" என்றார் அதிகாரி.

ஆழக்காரரின் தம்பியிடம் இல்லை. சிமென்ட் மூட்டை ஏற்றும் அவனுடைய பழைய படகில் ரேடியோகூடப் பெயருக்குத்தான் இருந்தது. நாலு நாள் முன்பு போனவன் இன்று மதியம் திரும்புகிறான். பலகை நகர்ந்தது நேற்று. எதிரே போய்க் கூட்டிவரலாமென்றால், கிளப் விருந்தாளிகள் செல்ஃபி எடுத்துக்கொள்ள வழிப்படகை அனுப்பியிருந்தார் அதிகாரி. த்தூ என்று துப்பினார் ஆழக்காரர்.

இரண்டு மணிக்குப் படகு கண்ணில் பட்டது. புதுப் பலகையை நம்பி, பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

அவர் மேட்டுக்கு ஓடினார். புதுப் பலகை இரண்டே உதையில் சாய்ந்தது. நட்டவர்களின் லட்சணம் அப்படி. தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. கிளப் விருந்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் வெள்ளை மேசை விரிப்பை ஒரே இழுப்பாக இழுத்தார். தட்டும் மீன்முள்ளும் அதிகாரியின் மடியில் விழுந்தன. ஒரு நாற்காலியைப் பலகையின் பழைய இடத்தில் போட்டு ஏறி, விரிப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தார். யார் யாரோ தின்ற குழம்பு முழங்கை வழியே அக்குளுக்கு ஒழுகியது. விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள்.

"இறங்குய்யா, மானம் போகுது" என்றார் அதிகாரி.

அவர் இறங்கவில்லை. கை கடுக்க, விரிப்பு இப்படியும் அப்படியுமாக ஆடியது. படகின் முகம் மெல்லத் திரும்பி, நடுவழிக்கு வந்து, பாறைகளைத் தாண்டி உள்ளே நுழைந்த பிறகுதான் கையைக் கீழே போட்டார்.

அவர் குழாயடியில் நின்று தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது, படகைக் கட்டிவிட்டு வந்தான் தம்பி.

"பின்பலகை என்னண்ணே அந்த ஆட்டம் ஆடுது? அதிகாரிகிட்ட சொல்லி நல்லா ஊனச் சொல்லேன்."